மெதுவாகக் கற்போர் பட்டியல்

ஒவ்வொரு பருவத்திலும் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த மறுவாரம் எங்கள் துறையில் ஒரு பட்டியல் கேட்பார்கள். ‘ஸ்லோ லேனர்ஸ் லிஸ்ட்’. தரச்சான்று வழங்க நாக் குழு கல்லூரிக்கு வரும்போது காட்ட வேண்டிய கோப்புகளில் அதுவும் ஒன்று. மாணவர்களின் கற்றல் நிலையை அளந்து, முன்னே நிற்போருக்கும் மெதுவாகக் கற்போருக்கும் தனித்தனியே என்ன செய்தீர்கள் என்று அந்தக் குழுவின் படிவம் கேட்கிறது. பின்தங்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடு என்பதுதான் அதன் நோக்கமாக இருந்திருக்கும். நடப்பது வேறு. பட்டியல் தயாராகும், கையெழுத்தாகும், கோப்பில் ஏறும். அதன்பின் நான்கு ஆண்டுகளும் அந்த முத்திரை அந்தப் பிள்ளைகளை விட்டு இறங்குவதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு சி மொழி கற்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி, பள்ளிப்பட்டு என்று மாவட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பட்டியலை மதிப்பெண் வரிசையில்தான் போடுகிறோம், சாதி வரிசையில் அல்ல. ஆனால் போட்டு முடித்தபின் மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். அரசு மேல்நிலைப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மறுபடி அரசுப் பள்ளி. முகவரிப் பத்தியில் காலனி, காலனி, புதுக்காலனி. எங்கள் அலுவலகத்தில் கல்வி உதவித்தொகைக்கு என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றை எழுதிவிட்டு மற்றொன்றைப் படி எடுத்தது போல இருக்கும்.

இதை ஒருநாள் மூத்த சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பேருந்துக்குக் காசில்லாமல் நின்ற மாணவனுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னார்: “இதுக்கு நாம என்ன மேடம் பண்ண முடியும்? கோடிங் சில பேருக்கு ரத்தத்துலயே வரும். வராதவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் வராது.”

ரத்தம் என்ற அந்தச் சொல் அன்று மாலை மின்சார ரயிலில் என்னோடு கும்மிடிப்பூண்டி வரை வந்தது. மெத்தப் படித்தவர், முனைவர் பட்டம் வாங்கியவர், கணிப்பொறி அறிவியல் ஆசிரியர். வேறு எந்தப் பொருளில் பேசினாலும் தரவு இருக்கிறதா என்று கேட்பவர். நிரல் எழுதும் திறனைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் ரத்தத்துக்குப் போகிறார்?

சில மாதங்களுக்கு முன், 2025 நவம்பரில், பேராசிரியர் வி. ராஜாராமன் தம் 92ஆம் வயதில் பெங்களூருவில் மறைந்தார். ஈரோட்டில் பிறந்தவர், டெல்லியில் படித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், எம்.ஐ.டி., விஸ்கான்சின் என்று போய் 1961இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இந்தியாவில் கணினிக் கல்வி என்று ஒன்று இருப்பதற்கு அவருடைய பங்கு மிகப் பெரியது. இரங்கல் குறிப்புகளில் பட்நாகர் விருதும் பத்மபூஷணும் வந்தன. எனக்கு அவருடைய வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது 1963ஆம் ஆண்டு.

அந்த ஆண்டுதான் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. ராஜாராமனும் அந்த ஆண்டு அங்கே ஆசிரியராகப் பணியில் இருந்தார். அதற்கு முன் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்திலும் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்திலும் கணினியைத் தொட்டிருந்த சிலரை விட்டுவிட்டால், இந்தத் துணைக்கண்டத்தில் நிரல் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. கான்பூரில் என்ன செய்தார்கள்? பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் ஆட்களை வரவழைத்துப் பத்து நாள் வகுப்பு நடத்தினார்கள். ஃபோர்ட்ரான் மொழி. கணக்கை வரிவரியாக எழுது, அட்டையில் துளையிடு, இயந்திரத்தில் கொடு, தப்பு வந்தால் திருத்து, மறுபடி கொடு. பத்து நாளில் எழுதக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

கவனியுங்கள். அந்த அறைக்குள் நுழைந்த எவருடைய தாத்தாவும் நிரல் எழுதியதில்லை. அப்பா எழுதியதில்லை. வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எல்லோரும் முதல் தலைமுறை. இன்று எந்தக் குடும்பங்களில் கோடிங் ரத்தத்தில் ஓடுவதாகச் சொல்கிறோமோ, அந்த ரத்தத்துக்கு வயது அறுபதுதான். அதுவும் அரசுப் பணத்திலும் அயல்நாட்டு உதவியிலும் வாங்கிய இயந்திரத்தில், சம்பளம் வாங்கும் ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்து ஏறியது.

1965இல் கான்பூரில் எம்.டெக். படிப்புக்குள் கணினி அறிவியலை ஒரு பிரிவாகத் தொடங்கினார் ராஜாராமன். இந்தியாவில் அதுவே முதல். வகுப்புக்கு வேண்டிய புத்தகங்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலை கட்டாது. தாமே எழுதினார். ஃபோர்ட்ரான் நிரலாக்கம், எண்முறைக் கணிப்பு, கணினி அடிப்படைகள், தகவல் முறைமைகளின் பகுப்பாய்வும் வடிவமைப்பும், பிறகு சி மொழி. பிரென்டிஸ் ஹால் இந்தியப் பதிப்பாக, மாணவன் வாங்கக்கூடிய விலையில் வந்தவை. பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மரியாதை பாடப்புத்தகத்துக்குக் கிடைக்காது. ஆய்விலும் அவர் சோடையில்லை. ஆனால் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தவர்களைவிட அந்த மலிவுப் புத்தகங்களால் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ மடங்கு.

இங்கே வாசகர்களில் சிலர் அவருடைய சாதி என்ன என்று கேட்பீர்கள் என்று தெரியும். என் கேள்வி அவர் மேல் இல்லை, அவர் பாடம் நடத்திய அறையின் வாசல் மேல். 1965இல் அந்தப் பிரிவு தொடங்கியபோது ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு கிடையாது. அது வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு உச்சநீதிமன்றப் படியெல்லாம் ஏறி இறங்கி 2008இல். அதாவது இந்நாட்டில் நிரல் எழுதுவது ஒரு தொழிலாக முளைவிட்ட முதல் பத்தாண்டில், அதைச் சொல்லிக் கொடுத்த முதன்மையான அறைக்கு நம்மவர்கள் நுழைய ஒரு கதவுகூட வைக்கவில்லை. ஆங்கிலமும் நுழைவுத் தேர்வும் காவல் நின்றன. அங்கிருந்து வெளியே வந்தவர்கள்தான் பிறகு நிறுவனங்கள் தொடங்கினார்கள், துறைத் தலைவர்களானார்கள், நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல் இதைத்தான் விரித்துச் சொல்கிறது: சாதியால் வந்த வசதி பட்டமாக மாறுகிறது, பட்டம் தகுதி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது, அதன்பின் சாதி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது இடஒதுக்கீட்டில் வந்தவனின் சாதி மட்டும்தான்.

ஆனால் ராஜாராமன் இன்னொரு வேலையும் செய்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாவேன். 1980 வாக்கில் மின்னணு ஆணையத்தின் மனிதவளக் குழுவுக்குத் தலைமை ஏற்று, பொறியியல் படிக்காதவர்களும் கணினித் துறைக்கு வரலாம் என்று ஒரு படிப்பைப் பரிந்துரைத்தார். அதுதான் எம்.சி.ஏ. பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் மூன்றாண்டு படித்தால் போதும் என்றிருந்தது அப்போது. பொறியியல் கல்லூரி வாசல் எட்டாத, அரசுக் கலைக் கல்லூரியில் கணக்கும் இயற்பியலும் படித்துவிட்டு அடுத்து என்ன என்று நின்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த பக்கவாசல் அது.

அந்தப் பக்கவாசல் வழியே வந்தவள்தான் நான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு. எம்.சி.ஏ. சேர்ந்த முதல் வாரத்தில்தான் கணினியைத் தொட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியபோது, மின்விசிறியை நிறுத்துவது போலச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன். பின்னால் சிரிப்பு எழுந்தது. ஆய்வக உதவியாளர் என் பெயரைக் கேட்டார், பிறகு ‘கோட்டாவா?’ என்று கேட்டார். ஸ்விட்சை எப்படி அணைப்பது என்பதற்கும் அந்தக் கேள்விக்கும் என்ன தொடர்பு என்று அன்று எனக்குப் புரியவில்லை. நூலகத்தில் ராஜாராமனின் கணினி அடிப்படைகள் புத்தகம், அட்டை கிழிந்து, நூல் தொங்கிக்கொண்டு கிடந்தது. அதை வைத்துத்தான் கரையேறினேன்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். இது எங்கள் துறையில் மட்டும் உலவும் மூடநம்பிக்கை இல்லை. உலகம் முழுக்க உண்டு. 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்நாதியும் ரிச்சர்டு போர்னாட்டும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒட்டகத்துக்கு இரண்டு திமில் என்று தலைப்பு. நிரலாக்க வகுப்பில் மதிப்பெண்ணை வரைபடமாகப் போட்டால் நடுவில் ஒரே மேடாக வராமல் இரண்டு மேடாக வருகிறது, எழுத வருகிறவர்கள் ஒரு மேடு, வராதவர்கள் ஒரு மேடு, யார் எந்த மேட்டில் இருப்பார்கள் என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு சின்னத் தேர்வு வைத்துச் சொல்லிவிடலாம் என்றார்கள். தேர்வில் வரும் கேள்வி இந்த மாதிரி:

அ = 10
ஆ = 20
அ = ஆ

இப்போது அ எவ்வளவு, ஆ எவ்வளவு?

பள்ளிக் கணக்கை ஒழுங்காகப் படித்த பிள்ளை இதைப் பார்த்துத் திகைக்கும். பத்தும் இருபதும் எப்படிச் சமமாகும்? இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன என்று ஒருவர் நினைப்பார். ஆ-வில் இருந்ததை எடுத்து அ-வில் போட்டாயிற்று, ஆகவே ஆ காலி என்று இன்னொருவர் நினைப்பார். சரியான விடை இரண்டும் 20. ஏனென்றால் நிரலில் அந்தக் குறி சமம் என்று சொல்வதில்லை, வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து இடப்பக்கத்தில் எழுது என்று சொல்கிறது. இதை யாரும் சொல்லித் தராமல் எவருக்கும் தெரியாது. வீட்டில் அண்ணன் கணினிப் பொறியாளராக இருந்தால் வகுப்புக்கு வரும் முன்பே தெரிந்திருக்கும். விடை சரியா தப்பா என்பது முக்கியமில்லை, ஒரே விதமாக யோசிக்கிறார்களா என்பதைத்தான் பார்க்கிறோம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆனால் கட்டுரை கைமாறிக் கைமாறிப் போனபோது மிஞ்சியது ஒரே செய்தி: சிலருக்கு வரும், சிலருக்கு வராது, வடிகட்டிவிடலாம்.

அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்பது நம் துறைத் தலைவர்கள் காதுக்கு வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டே டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் அதே தேர்வை வைத்துப் பார்த்தார்கள். முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2014இல் போர்னாட்டே அந்தக் கட்டுரையின் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி வெளியிட்டார். நிரலாக்கத் திறனுக்குத் தேர்வு எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். வாழ்நாளெல்லாம் நிரலாக்கம் கற்பித்த ஒரு பேராசிரியர் தன் பெயரைப் பரப்பிய கட்டுரையைத் தானே தள்ளிவைப்பது சிறிய காரியமில்லை. அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

பிறகு 2016இல் எலிசபெத் பட்டிட்சாஸும் அவருடைய டொரன்டோ சகாக்களும் கனடாவின் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் நடந்த கணினி அறிவியல் வகுப்புகளின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். 778 வகுப்புகள். அவற்றில் இரண்டு மேடு என்று சந்தேகிக்கக்கூட இடம் தந்தவை 5.8 சதவீதம்தான். மற்றவை எல்லா ஊரிலும் எல்லாப் பாடத்திலும் வருவது போலத்தான். அதோடு அவர்கள் நிற்கவில்லை. கணினி ஆசிரியர்களிடம் வரைபடங்களைக் காட்டி இதில் இரண்டு மேடு தெரிகிறதா என்று கேட்டார்கள். சிலர் பிறவியிலேயே கணினிக்கு ஏற்றவர்கள் என்று நம்பிய ஆசிரியர்களுக்குத்தான் இரண்டு மேடு அதிகம் தெரிந்தது.

நமக்கு இது புதிதா? 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டபோது அதை இயல்பான கல்வி என்றுதான் சொன்னார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அப்பன் தொழில் பிள்ளைக்கு ரத்தத்தில் வரும் என்ற அதே நம்பிக்கை, இப்போது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் ஏன் என் பட்டியலில் அந்தப் பெயர்களே வருகின்றன? இதற்கும் ஒரு விளக்கம் உண்டு, அதுவும் ஆய்விலிருந்து வந்ததுதான். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோணி ராபின்ஸ் 2010இல் சொன்னார்: நிரலாக்கத்தில் ஒவ்வொரு கருத்தும் முந்தையதன் தோளில் ஏறி நிற்கிறது. மாறி புரியாதவனுக்கு நிபந்தனை புரியாது, நிபந்தனை புரியாதவனுக்கு லூப் புரியாது, லூப் புரியாதவனுக்கு வரிசை புரியாது. முதல் வாரத்தில் ஒன்றைப் பிடித்தவனுக்கு அடுத்தது எளிதாகிறது, நழுவ விட்டவனுக்கு அடுத்தது இன்னும் கடினமாகிறது. பிறவி வேறுபாடு எதுவும் தேவையில்லை, தொடக்கத்தில் ஒரு சிறு இடைவெளி போதும், பருவ முடிவில் அது பள்ளமாகிவிடும்.

இந்தச் சிறு இடைவெளி யாருக்கு விழுகிறது என்று எங்கள் ஊர்க் கணக்கில் பாருங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் முதல் சுற்றுகள் முடிந்து, துணைக் கலந்தாய்வு முடிந்து, அருந்ததியர் ஒதுக்கீட்டில் நிரம்பாத இடங்களைப் பிற பட்டியல் சாதியினருக்குத் தருவது கடைசியாக நடக்கிறது. அப்படி வருகிறவர்கள் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும்போது முதல் சுற்றில் இடம் பெற்றவர்கள் நிபந்தனை முடித்து லூப்பில் இருப்பார்கள். தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு என்று மாறியிலிருந்து தொடங்கும் வகுப்பு எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. ‘பக்கத்துல நோட்ஸ் வாங்கி எழுதிக்கோ’ என்கிறோம். நோட்டில் எழுதினால் வருவதா நிரல்? நீச்சலை நோட்டில் எழுதிக்கொண்டு குளத்தில் குதிக்கச் சொல்வோமா?

அதன்பின் பணம். 2012இல் வந்த அரசாணை 92 பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் தனியார் கல்லூரிக் கட்டணத்தை அரசே தரும் என்றது. அந்த ஒரு அரசாணை இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் முதல் பொறியாளரை உண்டாக்கியது என்பதை நான் வகுப்பறையில் நின்று பார்த்திருக்கிறேன். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது என்று சுருக்கினார்கள். கிடைப்பவர்களுக்கும் அரசின் பணம் கல்லூரிக்கு வந்து சேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கல்லூரி அரசிடம் காட்டாது, பிள்ளையிடம் காட்டும். அலுவலக வாசலில் நின்ற இரண்டு மணி நேரத்தில் ஆய்வக வகுப்பு போய்விடும். அதுவும் உள்மதிப்பீட்டில் ஒரு பூச்சியமாக விழும். பட்டியலில் ஒரு பெயராக வரும்.

மடிக்கணினியும் அப்படித்தான். 2011 செப்டம்பரில் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். கேலி செய்தவர்கள் உண்டு, அதில் படம் பார்ப்பார்கள் என்று. பார்த்தார்கள்தான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் படம்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கணினியோடு வகுப்புக்கு வந்த தலைமுறையிடம் ஸ்விட்சைத் தட்டி அணைக்கும் பயம் இல்லை. திட்டம் நின்ற ஆண்டுகளில் வந்தவர்களிடம் அந்தப் பயத்தை மறுபடி பார்த்தேன். கைப்பேசியில் எல்லாம் தெரியும் அவர்களுக்கு, விசைப்பலகையில் அடைப்புக்குறி எங்கே என்று தெரியாது. கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கணினிகள் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. கொடுக்கும் நேரம் முக்கியம். முதலாண்டு முதல் மாதம் கைக்கு வர வேண்டியது இறுதியாண்டில் வந்தால் படம் பார்க்கத்தான் ஆகும்.

எங்கள் சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்காட்டில் வாகன உதிரிபாகம் கடையும் பட்டறை ஒன்றில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறார். ஐ.டி.ஐ. கூட முடிக்கவில்லை. உதவியாளாகப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர். அந்த இயந்திரம் ஜி-கோடு என்ற மொழியில் ஓடுகிறது. ஜி00 என்றால் கருவி வேகமாக இடம் மாற வேண்டும், ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போக வேண்டும், எம்30 என்றால் நிரல் முடிந்து தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு எண் பிசகினால் கருவி உடையும், துண்டு பறந்து ஆள் மேல் விழும். பொருளின் அளவு மாறும்போது நிரலில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். திருத்துவார், காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், பிறகுதான் உலோகத்தில் வைப்பார். சோதனை, பிழைதிருத்தம், பதிப்புக் குறிப்பு என்று மென்பொருள் பொறியியல் பாடத்தில் நாங்கள் ஒரு பருவம் நடத்துவதெல்லாம் அவருடைய கையடக்க நோட்டில் பென்சிலால் இருக்கிறது. அவருக்குப் பெயர் ‘ஆபரேட்டர்’. சம்பளச் சீட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் செய்வதைக் கோடிங் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சித்தப்பா மகன் என் கல்லூரியில்தான் படிக்கிறான், சென்ற ஆண்டுப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. ரத்தத்தில் வருவது உண்மை என்றால் அவன் பெயர் அங்கே வந்திருக்கக் கூடாதல்லவா?

கற்பிக்கும் முறையை மாற்றினால் முடிவு மாறும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியல் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் ஆராய்ந்து, முன் அனுபவம் உள்ளவர்களுக்கு வேறு, இல்லாதவர்களுக்கு வேறு என்று நுழைவுப் பாதைகளைப் பிரித்தார்கள், சேர்க்கையில் முன் அனுபவத்துக்குத் தந்த எடையைக் குறைத்தார்கள். 2000இல் 42 சதவீதம். ஐந்தாண்டில் பெண்களின் ரத்தம் மாறியிருக்குமா? சான் டியகோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள், விரிவுரையைக் குறைத்து, கேள்வி போட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வைத்து மறுபடி விடை கேட்டார்கள். தோல்வி விகிதம் 20 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக இறங்கியது. அதே பாடம், அதே பல்கலைக்கழகம்.

நம் பட்டியலோ வேலைவாய்ப்புப் பயிற்சி வரை நீள்கிறது. மூன்றாமாண்டில் மாணவர்களைக் குழுவாகப் பிரிக்கிறார்கள். பெரிய சம்பள நிறுவனங்களுக்கு ஒரு குழு, அதற்குத் தனிப் பயிற்சியாளர், குளிர்சாதன அறை. மற்றவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. முதலாமாண்டு லூப் புரியாமல் போனதற்கு மூன்றாமாண்டில் தண்டனை. அதைத் தாண்டிப் போனாலும் தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு தலித் பெயரிலும் மேல்சாதிப் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடல் தாண்டிக் கலிஃபோர்னியாவுக்குப் போனாலும் விடவில்லை என்பதை 2020இல் சிஸ்கோ மீது அந்த மாநில அரசு தொடுத்த வழக்கு உலகத்துக்குச் சொன்னது. இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கோடிங்கை எல்லாம் இனி ஏ.ஐ. எழுதிவிடும், இந்தப் பிள்ளைகளுக்கு எதற்குக் கஷ்டப்பட்டுச் சொல்லித்தர வேண்டும் என்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வார இறுதிக் கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. கடைசிக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்கு முதல் வரியிலிருந்து தொடங்கும் மூன்று வார வகுப்பைப் பல்கலைக்கழகமே கட்டாயமாக்கட்டும். முதல் உள்மதிப்பீட்டை அதற்குப் பின் வைக்கட்டும். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு ஒருவர் உட்காரட்டும். மூன்று பேர் உட்கார்ந்தால் விசைப்பலகை எப்போதும் தெரிந்தவன் கையில்தான் இருக்கும், நம் பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். உதவித்தொகை நிலுவைக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து அழைக்கும் கல்லூரி மீது மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் நடவடிக்கை எடுக்கட்டும். தமிழில் கேள்வி கேட்டால் தமிழில் பதில் சொல்ல ஆசிரியருக்குத் தடை இருக்கக் கூடாது. சி மொழியில் மொத்தமே சில பத்து ஆங்கிலச் சொற்கள்தான். மீதி யோசனையை எந்த மொழியில் செய்தால் என்ன?

இந்தப் பருவம் பட்டியல் கேட்டபோது, மாணவர் பெயர் பத்தியில் பெயர்களை எழுதாமல், நான் சரியாக நடத்தாமல் விட்ட பாடங்களை எழுதினேன். இடப்பக்கம் எழுதும் குறி. லூப்புக்குள் லூப். வரிசை ஏன் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. எதிரே, மறுபடி நடத்தப்போகும் தேதி. நான்கு மாலைகள் அந்த வகுப்பு நடந்தது, கும்மிடிப்பூண்டி ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலில் போனோம், நானும் பதினோரு பேரும். கோப்பு நேற்று என் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ‘படிவத்தின்படி இல்லை. மாணவர் பெயர்களைக் குறிப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். இன்று புதன்.